ஐந்து மா அழகு

பல் தேய்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பொடியில் கிராம்பு வாசனை இல்லை, உப்புக் கரிப்பு இல்லை, காரம் இல்லை. வழவழவென்று ஈறோடு ஒட்டிக்கொண்டு, துப்பினாலும் போகமாட்டேன் என்றது. ஆனால் அந்த ருசி மட்டும் எங்கேயோ பழகிய ருசி. ஏழு வயதில் நாற்றங்காலில் குப்புற விழுந்து எழுந்தபோது வாயில் இருந்ததே, அதே ருசி.

"என்னங்க, மண்ணைத் தின்னுட்டா வந்து நிக்கிறீங்க?" என்றாள் மனைவி. வாயைத் திறந்து காட்டினேன். யசோதைக்குத் தெரிந்த மாதிரி அண்டமெல்லாம் அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு கடைவாய்ப் பல் போன காலி மனைதான் தெரிந்தது.

நடந்தது இதுதான். கோடை விடுமுறைக்குப் பேத்தியைக் கொண்டுவந்து விட்ட மகள், சென்னைக்குத் திரும்புகிற அவசரத்தில் குளியலறை மாடத்தில் ஒரு டப்பாவை மறந்துவிட்டாள். நான் கண்ணாடி போடாமல் குளியலறைக்குப் போகிறவன். போன் போட்டுக் கேட்டேன்.

"அப்பா, அது க்ளே மாஸ்க்ப்பா. மூஞ்சில பூசறது. அதை எடுத்து யாராவது பல்லு தேய்ப்பாங்களா?"

"க்ளேன்னா?"

"களிமண்தான்."

விலையையும் கேட்டேன். 100 கிராம் 450 ரூபாயாம். என் வாய்க்குள் போனது 10 கிராமாவது இருக்கும். 45 ரூபாயைக் கொப்பளித்துத் துப்பியிருக்கிறேன்.

"களிமண்ணைக் காசு குடுத்து வாங்குறாளா?" என்று நான் அங்கலாய்த்தபோது, மனைவி அரிசி களைந்துகொண்டே என் தலையை ஒரு பார்வை பார்த்தாள். "அவ மேல தப்பில்ல. உள்ளுக்குள்ள இருக்கறது அவளுக்குக் கம்மி. உங்களுக்கு அந்தச் செலவு கிடையாது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவின் முதுகைப் படித்தேன். மான்ட்மோரில்லோனைட், பென்டோனைட், கயோலின். மண் நுழைந்த வாயில் பெயர் நுழையவில்லை. விசாரித்தால் எல்லாம் ஊர்ப் பெயர். மான்ட்மோரில்லான் என்பது பிரான்சில் ஒரு சின்ன ஊர். அங்கே கிடைத்த களிமண்ணுக்கு 1847-ல் ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். பென்டோனைட்டுக்கு 1898-ல் பெயர் வைத்தது அமெரிக்காவின் வயோமிங்கில், பென்டன் என்கிற பாறை அடுக்கை வைத்து. கயோலின், சீனாவில் பீங்கானுக்குப் பேர்போன ஜிங்டெஜென் பக்கத்துக் காவோலிங் குன்று. நம் பெண்கள் பூசும் முல்தானி மட்டிக்கோ முல்தான். கம்பளி ஆட்டு ரோமத்தில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க, துணி வெளுப்பவர்கள் இந்த வகை மண்ணைத்தான் உலகமெங்கும் போட்டு மிதித்தார்கள். நம் சலவைத் தொழிலாளர்கள் துணியை வெள்ளாவி வைக்க உவர்மண்ணைத் தேடிப் போகவில்லையா, அது மாதிரி. கம்பளியிலிருந்து கன்னத்துக்கு அந்த மண் எப்போது பதவி உயர்வு பெற்றதோ!

ஊர்ப் பெயர்தான் அழகு என்றால் எங்கள் பக்கம் ஊருக்கா பஞ்சம்? தஞ்சாவூர் மண்ணைத் தோண்டிப் பார்த்த மண்ணியல்காரர்கள் களத்தூர், ஆதனூர், படுகை என்று அதற்கு ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் களத்தூர் மண், மழைக்கு உப்பிக் கோடைக்கு வெடிக்கும் அசல் கருங்களி. பிரான்சுக்காரன் மண் செய்கிறதை எல்லாம் இதுவும் செய்யும். கூடுதலாகச் சோறும் போடும்.

எனக்குப் பேனா எடுக்கிற புத்தி வந்தால் யாராலும் தடுக்க முடியாது. என் தாத்தாவுக்கு ஒரு வேலி நிலம். வேலிக்கு 20 மா. பாகம் பிரிந்து, தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, மகளைப் படிக்க வைத்தது போக என்னிடம் மிஞ்சியது 5 மா; ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. ஏக்கருக்கு மேல் அரையடி மண் மட்டும் ஏறக்குறைய 900 டன் என்பது விவசாயப் புத்தகக் கணக்கு. ஆக, என்னிடம் இருப்பது சுமார் 1,500 டன். மகள் வாங்கிய விலைக்கு ஒரு கிலோ 4,500 ரூபாய், ஒரு டன் 45 லட்சம். பெருக்கினேன். 675 கோடி. ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதிய கை, சைபர் தப்பாது. இருந்தாலும் இரண்டு தடவை சரிபார்த்தேன். உழுகிற அரையடிக்குக் கீழேயும் மண் இருக்கிறதே என்று நினைத்தபோது லேசாகத் தலை சுற்றியது.

மனைவியிடம் தாளை நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, அதிலேயே முறுக்கை எண்ணெய் வடிய வைத்தாள். "அப்படியே அந்தக் கூட்டுறவு சங்கத்துல கிடக்குற என் ரெட்டவடத்தையும் மீட்டுக் குடுத்துடுங்க."

மறுநாள் காலையில் மண்வெட்டியோடு வயலுக்குப் போனேன். சித்திரை கடைசி. அறுப்பு முடிந்து, தாளெல்லாம் காய்ந்து, நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கவனமில்லாமல் நடந்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். வாய்க்கால் ஓரமாக நல்ல பாளம் ஒன்றைப் பெயர்த்து வந்து, திண்ணையில் நனைத்துக் குழைத்து, முழங்கை வரை பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். மச்சினன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தான். மூக்கைச் சுளித்தான்.

"அத்தான், இது எங்க வெட்டினது?"

"நம்ம வாய்க்கா மேட்டுக்குக் கீழ."

"அங்கதானே போன வாரம் கிடை மடக்கினோம்? முந்நூறு ஆடு, மூணு ராத்திரி!"

கோடையில் இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வருவதும், எருவுக்காக நாங்கள் வயலில் கிடை போடச் சொல்வதும் ஊரறிந்த வழக்கம். நான்தான் அதற்குப் பணமும் எண்ணிக் கொடுத்தேன். ஐம்பது வயதுக்கு மேல் ஞாபகசக்தி முதலில் சொந்தச் செலவுகளைத்தான் மறக்கிறது.

இந்த விஷயத்தில் காந்தி என்னைவிடக் கெட்டிக்காரர். ஜெர்மானியர் அடால்ஃப் ஜஸ்ட் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, அடிவயிற்றிலும் நெற்றியிலும் ஈரமண் பட்டி போட்டுப் பழகியவர் அவர். 1942-ல் ஆகாகான் மாளிகையில் சிறையிருந்தபோது உடல்நலம் பற்றி எழுதிய புத்தகத்தில் மண்ணுக்குத் தனி இடமே கொடுத்தார். எரு போட்ட நிலத்து மண் கூடவே கூடாது. பிசுபிசுப்போ நறநறப்போ இல்லாத வண்டல் நல்லது. சலித்து எடுக்க வேண்டும். சுத்தத்தில் சந்தேகம் இருந்தால் சுட வைக்க வேண்டும். இத்தனையும் அவர் சொல்லியிருப்பது கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிய பிறகு எனக்குத் தெரிய வந்தது.

வண்டல் என்றால் காவிரிதான். எங்கள் வீடு சுவாமிமலைக்குப் பக்கம். பத்து நிமிஷம் நடந்தால் ஆறு. ஆனால் இந்த ஊரில் சாக்குப் பையோடு ஆற்றங்கரைக்குப் போகிறவனை எல்லாரும் ஒரே மாதிரிதான் பார்ப்பார்கள். நான் சாக்கு எடுக்கவில்லை, தூக்குவாளிதான் எடுத்தேன். அப்படியும் படித்துறையில் ஒருவர், "என்ன சார், வண்டி பின்னாடி வருதா?" என்று கேட்டார். ஏரி குளத்து வண்டலை விவசாயியும் மண்பாண்டத் தொழிலாளியும் இலவசமாக எடுக்கலாம், தாசில்தாரிடம் அனுமதி வாங்கினால் போதும். நானும் மனு எழுதிப் பார்த்தேன். எந்த உபயோகத்துக்கு என்று எழுதுகிற இடத்தில் பேனா நின்றுவிட்டது. 1959-ம் வருஷத்துச் சிறுகனிம விதிகளில் வயலுக்கு இடமிருக்கிறது, பானைக்கு இடமிருக்கிறது. முகத்துக்கு இல்லை.

கடைசியில் வண்டல் எனக்கு எதிர்வீட்டிலேயே கிடைத்தது. எதிர்வீட்டுக்காரர் ஸ்தபதி. சுவாமிமலையில் பஞ்சலோகம் வார்க்கிறவர்கள் இங்கே குடியேறியதற்கே இந்த வண்டல்தான் காரணம் என்று சொல்வார்கள். முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்வார்கள். இடுப்பு மடிப்பு, விரல் ரேகை, ஒட்டியாணத்துப் பூ எல்லாம் மெழுகிலேயே முடிந்துவிடும். அதன் மேல் முதல் பூச்சாகச் சலித்த வண்டலை உமிக்கரியோடு மாவாக அரைத்துத் தடவுவார்கள். சந்தனம் மாதிரி இருக்கும். மெழுகில் நகக்கீறல் இருந்தால்கூட அது பிடித்துக்கொள்ளும். அது நிழலில் காய்ந்த பிறகு அடுத்த பூச்சு, அதற்கு மேல் மணல் கலந்த முரட்டுக் களிமண், கம்பிக் கட்டு. பிறகு சுட்டு மெழுகை உருக்கி வெளியே ஓட விட்டு, அந்தக் காலி இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கும் காவிரிக்கரை வண்டலில்தான் அச்சு.

சிவகாமி அம்மன் முகத்தில் போடுகிற மண்! இதற்கு மேல் என் முகத்துக்கு என்ன தகுதி வேண்டும்?

"உமிக்கரி வேணாம், வெறும் வண்டல் போதும் ஸ்தபதியாரே. வீட்டு உபயோகத்துக்கு" என்றேன்.

"எலிப் பொந்து அடைக்கவா சார்?"

"ஆமா" என்று சொல்லி வாங்கி வந்தேன்.

கொடுக்கும்போது அவர் அலுத்துக்கொண்டார், முன்ன மாதிரி வண்டல் வருவதில்லை என்று. அது இங்கே எல்லாப் பெரியவர்களும் சொல்வதுதான். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடித்ததிலிருந்து, காவிரி கொண்டுவரும் மண்ணில் பெரும்பங்கு அங்கேயே அடியில் தங்கிவிடுகிறது. ஜூன் 12-ல் ஷட்டரைத் தூக்கினால் நமக்கு வருவது தெளிந்த தண்ணீர். அழகுநிலையம் சேலம் ஜில்லாவோடு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சுத்தம் செய்கிற படலம். வண்டலைத் தண்ணீரில் கரைத்து வைத்தால் மணல் ஒரு நிமிஷத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். மேலே நிற்கிற கலங்கலில்தான் சரக்கு இருக்கிறது. களிமண் துகள் என்பது 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே. அப்படிப்பட்ட ஒரு துகள் நான்கு விரற்கடை ஆழம் இறங்கவே பல மணி நேரம் ஆகும். அவ்வளவு பொறுமை களிமண்ணுக்கு உண்டு, எனக்கு இல்லை. கலங்கலை வடிகட்ட நுண்ணிய ஓட்டை உள்ள பாத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று சமையலறையில் தேடினேன். இருந்தது. கும்பகோணம் பித்தளை காபி ஃபில்டர்.

அதை நன்றாகக் கழுவித்தான் வைத்தேன். என் கண்ணுக்கு நன்றாகத்தான் தெரிந்தது. மறுநாள் காலை டிகாக்ஷன் இறங்கவில்லை. தட்டி, ஊதி, குச்சியால் குத்தி ஒருவழியாக இறங்கிய டிகாக்ஷனில் கலந்த காபியைக் குடித்த மனைவி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததுதான் ஆபத்து. நாற்பது வருஷமாக ஒரு நாள்கூடத் தவறாமல் எனக்கு முதல் காபி வந்த வீட்டில், அன்று முதல் மூன்று நாள் தேயிலை.

காந்தி சொன்னபடி சுட வைத்தது அதற்கு அடுத்த நாள். அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தேன். ஈரம் வற்றும்போது புது மழை பெய்த மாதிரி ஒரு வாசனை கிளம்பி வீடெல்லாம் நிறைந்தது. உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜில் சுட்ட மண்ணை வடித்து அத்தரே எடுக்கிறார்கள் என்றால் ஏன் எடுக்கமாட்டார்கள்! பக்கத்து வீட்டு அம்மாள் கொல்லைப்புறம் ஓடிவந்து கொடியில் கிடந்த துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு, வானத்தைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

மனைவி திரும்பி வந்து சட்டியைப் பார்த்தாள். "மூஞ்சிக்கு மண்ணு வேணும்னா எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?" என்று சாமி மாடத்திலிருந்து ஒரு நாமக்கட்டியை எடுத்து முன்னால் வைத்தாள். "உங்களுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தப்ப அத்தை இதத்தானே உரசிப் போட்டாங்க? நான் பரு வந்த வயசுலேர்ந்து இதத்தான் போடுறேன்."

அவள் சொன்னதும் உறைத்தது. திருவண்ணாமலை மாவட்டத்து ஜடேரியில் வெள்ளைக் களிமண்ணை அரைத்து, தண்ணீரில் தெளிய வைத்து, குழைத்துத் தட்டிக் காயவைப்பதுதானே நாமக்கட்டி! 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. நான் ஃபில்டரைக் கெடுத்துச் செய்ததை அந்த ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற பரம்பரை அல்ல எங்களுடையது. அதனால்தான் ஒரு வேலி 5 மா ஆனது.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல். மண் நன்றாகப் பிடிக்கட்டும் என்று ஒட்டச் சவரம் செய்தேன். மோவாய்க்குக் கீழே சின்னதாக ஒரு வெட்டு, அதைப் பொருட்படுத்தவில்லை. வண்டல், தயிர், கஸ்தூரி மஞ்சள், பன்னீர். பேத்திதான் பூசிவிட்டாள். எதையும் தாராளமாகச் செய்கிற வயது. புருவத்துக்கும் மீசைக்கும் சேர்த்து ஒரு விரற்கடை கனத்துக்கு அப்பிவிட்டாள். லேசான ஈரம் இருக்கும்போதே, கால் மணியில் கழுவிவிட வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. ஊஞ்சலில் சாய்ந்தேன். மேலே மின்விசிறி. முகத்தில் குளுகுளுவென்று காவிரி. கண் சொருகியது.

விழித்தபோது மணி நாலே முக்கால். முகம் என்னுடையதாக இல்லை. வாயைத் திறக்கப் பார்த்தேன், கன்னம் இரண்டும் சேர்ந்து வந்தன. இந்தக் களிமண்ணின் உடம்பு ஏடு ஏடாக அடுக்கியது. தண்ணீர் கிடைத்தால் ஏடுகளுக்கு நடுவே வாங்கி வைத்துக்கொண்டு உப்பும், தண்ணீர் போனால் சுருங்கிப் பிளக்கும். வாய்க்கால் மேட்டு வயலில் என்ன நடக்கிறதோ அதேதான் என் நெற்றியிலும் நடந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். 5 மா போக இன்னொரு அரை மா.

மனைவி கேட்டதற்கெல்லாம் தலையைத்தான் ஆட்ட முடிந்தது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்குக் களிமண்ணை அடியில் வைப்பார்கள், எனக்கு மேலே.

அந்த நேரம் பார்த்து, பேப்பர் இரவல் வாங்க ஸ்தபதி வந்தார். வாசலில் நின்றவர் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஆள்காட்டி விரலை மடக்கிக் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"ஃபேன் போட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"அதான். வெயிலும் படக்கூடாது, காத்தும் அடிக்கக்கூடாது சார். நிழல்ல தானா காயணும். பூச்சும் மெல்லிசா இருக்கணும். யாரு போட்டது?"

பேத்தி கையைத் தூக்கினாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு மறுபடி என் முகத்தைப் பார்த்தார். "மண்ணுல ஒரு குறையும் இல்லீங்க. உள்ள மெழுகுதான்..." என்று ஆரம்பித்து, என் மனைவி நிற்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்டாள் அவள், மிகுந்த மரியாதையோடு.

"அடுத்து... நாங்கன்னா அடுப்புல வைப்போம்மா."

"விறகு கொல்லையில இருக்கு."

வெந்நீர்த் துணியைப் போட்டுப் போட்டு ஊறவைத்துத்தான் மண்ணை எடுத்தார்கள். மீசையில் பாதி மண்ணோடு போய்விட்டது. மீதிப் பாதியை நானே எடுத்துவிட்டேன், அது மட்டும் தனியாக இருந்து என்ன சாதிக்கப் போகிறது. இடது கன்னத்து மண் மட்டும் ஊறுவதற்கு முன்பே ஒரே ஓடாகக் கழன்று வந்தது. பேத்தி அதைத் திருப்பிப் பார்த்து, "தாத்தா, உள்ள நீ இருக்க!" என்றாள். அம்மை வடு, மரு, கண்ணுக்குக் கீழே தொங்குகிற பை, சிரித்தால் விழுகிற மூன்று கோடு, சிரிக்காவிட்டாலும் விழுகிற நான்காவது கோடு, ஒன்றுவிடாமல் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் பதிந்திருந்தது. வயதைப் போக்கப் பூசிய மண், வயதுக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டது.

செய்தி போனில் சென்னைக்குப் போயிற்று. மகள், 2016-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு பென்டோனைட் மண் பொடியில் ஈயம் கலந்திருக்கிறது என்று எச்சரித்ததைத் தேடி எடுத்து அனுப்பினாள். 450 ரூபாய் டப்பாவை வாங்கியபோது இதைப் படித்தாளா என்று நான் கேட்கவில்லை. "அப்பா, வெட்டுக்காயத்துல மண்ணு பட்டுதா?" என்று அடுத்த கேள்வி. டெட்டனஸ் கிருமியின் வித்து மண்ணில்தான் காலம் காலமாகப் படுத்திருக்கிறது. சூடு காட்டினாலும் சுலபத்தில் சாகாது. நான் இரும்புச் சட்டியில் வறுத்ததெல்லாம் அதற்கு வெந்நீர்க் குளியல் மாதிரி. மறுநாள் ஊசி போட்டுக்கொண்டேன். சீட்டு எழுதிய பெண், "என்ன விழுந்து பட்டுதுங்க அய்யா?" என்றாள். "மண்ணும்மா" என்றேன். "எங்க விழுந்தீங்க?" என்றாள். அதற்கு உண்மையாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவி என்னைப் புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். முகம் நல்லபடியாகக் கழன்று வந்தால் மாவிளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டாளாம். அந்த மாரியம்மன் புற்றுமண்ணால் ஆனவள். மூலவருக்குத் தண்ணீர் அபிஷேகம் கிடையாது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மண்டலம் தைலக்காப்புத்தான். கோடையில் அம்மன் முகத்தில் முத்து முத்தாக வியர்க்கும் என்பது ஊர் நம்பிக்கை. வரிசையில் நிற்கும்போது மனைவி என் காதருகே சொன்னாள்:

"பாத்துக்குங்க. மண்ணு முகத்துக்கு எண்ணெய் வெக்கிறாங்க. நீங்க எண்ணெய் முகத்துக்கு மண்ணு வெக்கிறீங்க."

முன்னால் நின்றவர் திரும்பி என் மேலுதட்டைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தால், பேத்தி அந்தக் கன்னத்து ஓட்டைத் தன் பென்சில் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தது தெரிந்தது. இரவு சப்பாத்திக்கு மாவு பிசைந்தபோது ஒரு உருண்டையைக் கேட்டு வாங்கி, ஓட்டில் வைத்து அமுக்கி எடுத்தாள். என் இடது கன்னம். மருவோடு, நான்கு கோட்டோடு. மனைவி அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். நாற்பது வருஷமாகப் பார்க்கிற கன்னத்தில் அப்படி என்ன புதிதாக இருக்கும் என்று தெரியவில்லை. பிறகு தோசைக்கல்லில் போட்டாள். சூட்டில் அது பூரித்து உப்பிற்று. ஒரு சுருக்கம் இல்லை. இருபத்தைந்து வயதில் நான் அப்படித்தான் இருந்தேன்.

மண் பட்ட மாவு, பிள்ளை தின்ன வேண்டாம் என்று அதை எடுத்துவைத்துவிட்டாள். காலையில் கொல்லைச் சுவரில் காக்கைக்கு வைத்தாள், பக்கத்தில் நேற்றைய சோறும் கொஞ்சம். மூன்று தடவை கூப்பிட்டதும் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தது, அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தது. சோற்றைக் கொத்திக்கொண்டு பறந்துவிட்டது.